படகுக்காரி விழுந்த சனிக்கிழமை

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட எந்தக் கதையிலும் எழுத்தாளனுடைய அனுமதி இல்லாமல் ஓர் ஈகூடப் பறந்ததில்லை. பறக்க நினைத்த ஈக்கள் இருந்திருக்கலாம், அவை அச்சேறவில்லை. ஆறுபாகத்தார் இதை ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை. பேட்டி எடுத்தவரும் சிரிக்கவில்லை. அவர் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறுபாகத்தார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஏழு பாகம் என்று அறிவித்துவிட்டு ஆறு பாகத்தோடு நின்றுபோன ஒரு நாவலுக்காக வாசகர்கள் வைத்த பெயர். முதல் வருடம் அதில் அன்பு இருந்தது. ஐந்தாவது வருடத்தில் பெயர் மட்டும் மிச்சம்.

ஆறாம் பாகத்தின் கடைசி வரியில் கதாநாயகியான படகுக்காரி, பூட்டிய கோட்டைக் கதவின் முன்னால் கொட்டும் மழையில் நிற்கிறாள். ஐந்து வருடமாக அங்கேதான் நிற்கிறாள். அவளுக்குச் சளி பிடித்திருக்காதா என்று கேட்டு வாரம் பத்துக் கடிதங்கள் வந்தன. ஒரு தோல் மருத்துவர், ஈரத்தில் நெடுநேரம் நிற்கும் பாதங்களுக்கு என்ன ஆகும் என்று நான்கு பக்கம் எழுதி, படம் வேறு இணைத்திருந்தார்.

"ஒரு குடையாவது குடுங்களேன் அவளுக்கு" என்றார் மனைவி. அவர் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாமல் கிடப்பவர்களோடு பழகிப் பழகி, வீட்டிலும் பதிலை எதிர்பார்க்காமல் பேசும் பழக்கம் வந்துவிட்டது.

"அவ எப்ப நகரணும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நகர்த்துங்க. இல்லேன்னா உள்ள கூப்பிட்டு உட்கார வைங்க. பார்க்கவே பாவமா இருக்கு."

உண்மையில் அவருக்குத் தெரியாது. கதவு எப்படித் திறக்கும், உள்ளே யார் இருக்கிறார்கள், படகுக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று ஒன்றுமே தெரியாது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மேஜைமுன் உட்கார்ந்து ஒரு வரி எழுதுவார். பதினோரு மணிக்கு அதை அடிப்பார். பிறகு சாப்பாடு.

அந்தப் பேட்டியில் கடைசியாக ஒரு கேள்வி வந்தது. இப்போதெல்லாம் நடிகர்கள், பாடகர்கள், ஏன், நல்ல எழுத்தாளர்கள்கூட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுகிறார்களே, நீங்கள் ஆடியதுண்டா?

விளையாட்டு இதுதான். நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். நடத்துபவர், "முன்னால பாலம், பாதி உடைஞ்சிருக்கு, நீங்க என்ன செய்றீங்க?" என்று கேட்பார். செய்ய நினைப்பதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

ஆறுபாகத்தார் கேமராவை நேராகப் பார்த்தார். "கையில பேனா வச்சிருக்கிறவன் எதுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பார்த்து 'ஐயா, அடுத்து என்ன'ன்னு கேட்கணும்? எழுதத் தெரியாதவங்க பொழுதுபோகாம பண்ற வேலை அது. பகடை உருட்டிக் கதை பண்றவனுக்குப் பேர் எழுத்தாளன் இல்ல, சோம்பேறி."

மறுநாள் காலை எடிட்டர் போன் செய்தார். ஆறு பாகத்தையும் வரி வரியாகத் திருத்தியவர் அந்த அம்மாள். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமுவார். அன்று மூன்று முறை செருமினார்.

"சார், பதிப்பாளர் முடிவு பண்ணிட்டார். முப்பதாம் தேதிக்குள்ள ஏழாம் பாகத்தோட முதல் அத்தியாயமாவது கைக்கு வரணும். வரலைன்னா வேற ஒருத்தரை வச்சு முடிச்சுடுவாராம். ஒப்பந்தத்துல இருக்கு சார். பன்னெண்டாவது பக்கம்."

"யாரு எழுதப் போறாங்க?"

"செய்தி வாசிக்கிறவங்க."

செய்தி வாசிப்பாளரை அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாகப் பூகம்பத்தையும் புயலையும் ஒரே குரலில், புருவம் அசையாமல் வாசித்தவர். நடுவில் இரண்டு நாவல்கள் எழுதினார். அந்த இரண்டும் முடிந்தும்விட்டன. ஆறுபாகத்தாரை உறுத்தியது அதுதான்.

"இன்னொன்னு சார். வில்லன் நடிகர் அந்த விளையாட்டை வாராவாரம் நேரலையா நடத்துறார் இல்லையா? உங்க பேட்டியைப் பார்த்துட்டு, வர்ற சனிக்கிழமைக்கு உங்களைக் கூப்பிடுறார். செய்தி வாசிக்கிறவங்களும் அங்க ஆடுறவங்கதான். நீங்க போனா, வாசகர்கள் உங்களை இன்னும் மறக்கலைன்னு பதிப்பாளருக்குக் காட்டலாம். கொஞ்சம் தவணை கேட்டுப் பார்ப்பேன்."

"போறேன்" என்றார் ஆறுபாகத்தார். "போய் எப்படிக் கதை சொல்றதுன்னு காட்டிட்டு வர்றேன்."

ஒலிப்பதிவு அறை ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு மெத்தை. பகடை உருளும் சத்தம் மைக்கில் இடியாக விழாமலிருக்க, வட்ட மேஜைமேல் கம்பளித் துணி விரித்திருந்தார்கள். வில்லன் நடிகர் எழுந்து வந்து இரண்டு கையாலும் கைகொடுத்தார். திரையில் அந்தக் கைகள் பலருடைய கழுத்தை நெரித்தவை. நேரில் வெந்நீர்ப் பையைப்போல இதமாக இருந்தன. மூக்கு நுனியில் படிக்கிற கண்ணாடி.

"சோம்பேறிகள் சபைக்கு வாங்க சார்" என்றார். கோபம் துளிக்கூட இல்லை. அது ஆறுபாகத்தாருக்கு ஏமாற்றமாக இருந்தது.

செய்தி வாசிப்பாளர் எழுந்து வணக்கம் சொன்னார். "சார், மறைக்க விரும்பல. என்கிட்ட கேட்டாங்க. நான் இன்னும் பதில் சொல்லல."

"தாராளமா எழுதுங்க" என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு தண்ணீர் குடித்தார்.

எடிட்டர் மூலையில் ஒரு நாற்காலியில் பைக்குள் கைவிட்டபடி உட்கார்ந்திருந்தார். பைக்குள் தலைவலி மாத்திரை.

வில்லன் நடிகர் விதிகளைச் சொன்னார். "ரொம்ப சுலபம் சார். ஆறு குணம். ஆறு எண் தருவேன். எந்தக் குணத்துக்கு எந்த எண்ணுன்னு நீங்களே போட்டுக்கலாம். பகடையில அந்த எண்ணோ அதுக்குக் கீழயோ விழுந்தா ஜெயிச்சீங்க. மேல போனா தோத்தீங்க. அப்புறம் இந்த மேஜைக்குன்னு ஒரு சட்டம் உண்டு: பகடை தரையில விழுந்தா செல்லாது. என்ன எண்ணா இருந்தாலும் மறுபடி உருட்டணும். நிதி மந்திரி ஒருத்தர் வந்திருந்தப்போ போட்டது."

"உங்க பாத்திரம் யாரு சார்?" என்று கேட்டார் செய்தி வாசிப்பாளர்.

ஆறுபாகத்தார் இதற்காக நான்கு நாள் யோசித்திருந்தார். மேஜையைச் சுற்றிப் பார்த்து, பிறகு கேமராவையும் பார்த்து, "படகுக்காரி" என்றார்.

மூலையில் எடிட்டர் செருமினார். நேரலைத் திரையில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறியது. ஒன்பதாயிரம் பேராக இருந்தவர்கள், பாதி தேநீர் குடிப்பதற்குள் இருபத்தாறாயிரம் ஆனார்கள்.

"சார், யோசிச்சுக்கோங்க" என்றார் வில்லன் நடிகர் மெதுவாக. "இங்க வர்றவங்க புதுசா ஒரு ஆளை உண்டாக்கிட்டுதான் வருவாங்க. நேசிக்கிற ஆளைக் கூட்டிட்டு வர்றதில்ல. என்ன வேணா ஆகலாம்."

"அவளுக்கு ஒன்னும் ஆகாது. அவளைப் பெத்தவன் நான்."

பாத்திரத் தாள் வந்தது. எண்கள் பதினேழு, பதினைந்து, பதினாலு, பன்னிரண்டு, பதினொன்று, ஐந்து. ஆறு பாகங்களிலும் படகுக்காரிக்குக் குறை என்று ஒன்று இருந்ததில்லை. அந்த ஐந்தை எங்கே வைப்பது என்று அவர் பேனாவைக் கடித்தார். பதினேழைப் பேச்சுக்குப் போட்டார். படகுக்காரி பக்கம் பக்கமாகப் பேசக்கூடியவள். நான்காம் பாகத்தில் ஒரு படையையே பேசித் திருப்பி அனுப்பியவள். துணிவு பதினைந்து. அறிவு பதினாலு. வேகம் பன்னிரண்டு. வலிமை பதினொன்று. மிச்சம் இருந்தது கால் உறுதி. நடக்கிற விஷயம்தானே என்று ஐந்தைப் போட்டுவிட்டார்.

செய்தி வாசிப்பாளர் எட்டிப் பார்த்தார். "சார், படகுக்காரி சார். ஆடுற படகுல நின்னு துடுப்பு போடுறவ. கால் உறுதி அஞ்சா?"

"ஆறு பாகத்துல ஒரு தடவைகூட அவ வழுக்கினதில்லம்மா."

"நீங்க வழுக்க விடல சார்" என்றார் அவர். புருவம் அசையவில்லை.

ஆட்டம் தொடங்கியது. வில்லன் நடிகர் குரலைத் தாழ்த்தினார். அறை சின்னதாகிவிட்டது போலிருந்தது. "மழை. அஞ்சு வருஷமா விடாத மழை. முன்னால கோட்டைக் கதவு. படகுக்காரி நிக்கிறா. பக்கத்துல ஒரு குள்ளத் திருடி வந்து சேர்றா." அது செய்தி வாசிப்பாளரின் பாத்திரம். "சார், நீங்க என்ன செய்றீங்க?"

ஐந்து வருடமாக ஒருவரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. எப்போது என்றுதான் கேட்டார்கள். ஆறுபாகத்தார் நிமிர்ந்து உட்கார்ந்து, படகுக்காரியின் குரலில் கதவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். நீதி, நதி, மறதி மூன்றையும் பற்றிப் பேசினார். ஆறு நிமிடம். செய்தி வாசிப்பாளர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். பகடையில் நான்கு விழுந்தது. மிக நல்ல எண்.

"பிரமாதமான பேச்சு சார்" என்றார் வில்லன் நடிகர். "ஆனா கதவுக்குக் காது இல்ல. உள்ள ஒரு காவலாளி இருக்கான். மழைச் சத்தத்துல அவனுக்குக் கேட்கல."

"உடனே அவன் பதறி எழுந்து, சாவியை எடுத்துட்டு ஓடி வர்றான்."

"இல்ல சார். உங்க ஆள் என்ன செய்றான்னு மட்டும்தான் நீங்க சொல்லலாம். காவலாளி என்னோட ஆள்."

ஆறுபாகத்தாருக்குப் புரியவில்லை. மூன்று முறை காவலாளியை எழுப்பப் பார்த்தார். ஒரு முறை குள்ளத் திருடியைக் கண்ணீர் விடவைத்தார். "நான் அழலையே சார்" என்றார் செய்தி வாசிப்பாளர் பணிவாக. எல்லாருக்கும் சேர்த்தே எழுதிப் பழகிய மனிதர். ஒரே ஓர் ஆளோடு நடுத்தெருவில் விட்டதுபோல இருந்தது.

"சரி. அவ மதில்மேல ஏறுறா" என்றார் கடைசியில்.

"கால் உறுதிக்கு உருட்டுங்க."

"எதுக்கு?"

"மழை பெய்யுது சார். அஞ்சு வருஷமா. கல்லெல்லாம் பாசி."

அந்த மழையைப் பெய்யவைத்தவர் தாம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உருட்டினார். பன்னிரண்டு.

"வழுக்கிட்டா. ஒத்தைக் கையில தொங்குறா. கீழ அகழி."

"நான் கயிறு வீசுறேன்!" என்றார் செய்தி வாசிப்பாளர். அவருக்குப் பதினொன்றோ கீழேயோ வேண்டும். பகடை கம்பளியில் உருண்டு, சாய்ந்து, யோசித்து, பன்னிரண்டில் நின்றது.

"ஒன்னுதானே!" என்றார் ஆறுபாகத்தார். "ஒரு எண்ணுதான் வித்தியாசம். கயிறு மேல படலைன்னா என்ன, விரல்ல பட்டிருக்கும்."

"படல சார்" என்றார் வில்லன் நடிகர். வருத்தமாகத்தான் சொன்னார். "வலிமைக்கு உருட்டுங்க. பிடியை விடாம இருக்கணும்."

பதினெட்டு.

மூலையில் மாத்திரை அட்டை கிழியும் சத்தம் கேட்டது.

"விழுந்துட்டா. தலை கல்லுல மோதிடுச்சு. கடைசி மூச்சுக்கு ஒரு உருட்டல் உண்டு சார். பத்து, இல்ல அதுக்குக் கீழ. விழுந்தா பிழைச்சுக்குவா."

ஆறுபாகத்தார் பகடையை இரண்டு கையிலும் பொத்தி, வாழ்க்கையில் எந்தக் கடவுளிடமும் கேட்காத குரலில் ஏதோ முணுமுணுத்து, வீசினார். வேகமாக வீசிவிட்டார். பகடை மேஜையைத் தாண்டித் தரையில் விழுந்து ஓடியது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜைக்கடியில் மண்டியிட்டார். மைக் கம்பிகளுக்கு நடுவே தவழ்ந்தார். "ரெண்டு!" என்ற குரல் அடியிலிருந்து வந்தது. "ரெண்டு விழுந்திருக்கு! வந்து பாருங்க! ரெண்டு!"

"தரையில விழுந்தது செல்லாது சார்."

"ஐயா, பிழைச்சுட்டாய்யா அவ! ரெண்டுய்யா!"

"நிதி மந்திரிக்கும் அப்படித்தான் சார் சொன்னேன்."

அவர் அடியிலிருந்து எழுந்தபோது தலைமுடியில் தூசி ஒட்டியிருந்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எழுதினவன் நான்" என்றார். குரல் சிறுத்திருந்தது. "பதினோரு வருஷம் அவளோட இருந்திருக்கேன்."

"தெரியும் சார். நானும் ஆறு பாகமும் படிச்சிருக்கேன். ரெண்டு தடவை." வில்லன் நடிகர் கண்ணாடியைக் கழற்றினார். "உருட்டுங்க சார். வேற வழி இல்ல."

மறுபடி உருட்டினார். மெதுவாக, கம்பளியின் நடுவில். பத்தொன்பது.

வில்லன் நடிகர் நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்தார். "சினிமாவுல நூத்திப்பத்து பேரைக் கொன்னிருக்கேன்" என்றார். "இப்படி இருந்ததில்ல." பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். சின்ன வாக்கியம்தான். இருபது வருடம் புயலை வாசித்த பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாத்திரத் தாளால் கண்ணைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரங்கல் கடிதங்கள் வந்தன. "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதியவர்கள் பாதி. "ஒருவழியாக நனைவது நின்றதே" என்று எழுதியவர்கள் மீதி. தோல் மருத்துவர் மலர்வளையம் அனுப்பியிருந்தார்.

"அது விளையாட்டு" என்றார் ஆறுபாகத்தார் மனைவியிடம். "நாவல் வேற. நாவல்ல அவ உயிரோடதான் இருக்கா."

மனைவி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நானும் பார்த்தேங்க. நீங்க மேஜைக்கடியில தவழ்ந்தீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, அவ போயிட்டான்னு. பிழைச்சிருந்தா நீங்க ஏன் தவழப் போறீங்க?"

திங்கட்கிழமை காலை செய்தி வாசிப்பாளர் போன் செய்தார். "நான் எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன் சார். அவ விழுந்தப்ப பக்கத்துல இருந்தேன், கயிறு எட்டல. அதுக்கப்புறம் எந்த முகத்தோட எழுதறது?"

அவர் நன்றி சொன்னார். தப்பித்துவிட்டோம் என்று அரைமணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் பதிப்பாளரே கூப்பிட்டுவிட்டார்.

"சார், நல்லதாப் போச்சு. யாரும் எழுத வேண்டாம். கதாநாயகி இறந்துட்டாங்க, நாப்பதாயிரம் சாட்சி இருக்கு. முப்பதாம் தேதி 'முற்றும்'னு அறிவிச்சுடறேன். ஆறு பாகமே போதும். எண்ணும் ரெட்டைப்படை."

"நான் எழுதிட்டிருக்கேன்."

"முதல் அத்தியாயம் முப்பதுக்குள்ள வந்தா அச்சடிக்கிறேன் சார். ஆனா அவங்களை உயிரோட எழுப்பிடாதீங்க. ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. அழுதுட்டாங்க இல்லையா."

அன்று இருபத்தேழாம் தேதி.

அவர் எழுப்பத்தான் பார்த்தார். "படகுக்காரி மழையில் நின்றாள்" என்று எழுதினார். படித்தார். அவள் நிற்கவில்லை. காகிதத்தில் நிற்கச்சொல்லி எத்தனை அழுத்தி எழுதினாலும், கண்ணுக்குள் அகழியில்தான் கிடந்தாள். "படகுக்காரி மெல்லக் கண் விழித்தாள்" என்று எழுதியபோது தமக்கே கூச்சமாக இருந்து, அடித்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் சொன்ன பேச்சை அவள் கேட்கவில்லை. திட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையும் போயிற்று.

புதன்கிழமை காலை மனைவி மருத்துவமனைக்குப் போன பிறகு, வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும், அறைக் கதவை உள்ளே தாழிட்டார். வில்லன் நடிகர் சொன்ன அந்தக் காவலாளிதான் மனதில் நின்றான். ஆறு பாகங்களில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பான் என்று அவர் நினைத்ததே கிடையாது. அவனுக்குத் தூக்கம் வருமா, குடும்பம் உண்டா, இத்தனை வருடம் யாருக்காகக் காவல் காத்தான் என்றும் தெரியாது.

ஒரு வெள்ளைத் தாளில் அவனுக்கு ஆறு குணங்களை வரிசையாக எழுதினார். துணிவு என்ற இடத்தில் பதினேழு போட்டார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பதினேழை அடித்து ஒன்பது என்று திருத்தினார்.

அவரிடம் பகடை இல்லை. வாங்கப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். மனைவியின் மேஜையில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் "உங்கள் அடுத்த வருகை" அட்டைகள் ஒரு கட்டு இருந்தது. இருபது அட்டைகளை எடுத்து, பின்பக்கம் ஒன்றிலிருந்து இருபதுவரை எழுதி, மையைக் காயவைத்து, கலைத்து, கவிழ்த்துப் பரப்பினார்.

வெளியே ஏதோ விழுந்த சத்தம் காவலாளிக்குக் கேட்கிறது. கதவைக் கொஞ்சம் திறக்கிறான். மழை. அகழியில் யாரோ. இறங்கிப் போவானா?

போவான் என்று எழுதத்தான் அவருக்கு ஆசை. அழகான காட்சி அது. முதல் வாக்கியம்கூட நாக்கில் வந்து நின்றது. ஒன்பதோ கீழேயோ வர வேண்டும். கண்ணை மூடி ஓர் அட்டையை எடுத்துத் திருப்பினார். பதினாலு.

கை தானாக இன்னோர் அட்டையின்மேல் போயிற்று. அதன் முனையை நகத்தால் லேசாகத் தூக்கினார். யாரும் பார்க்கவில்லை. தூக்கியபடியே சிறிது நேரம் இருந்துவிட்டு, எண் தெரிவதற்குள் விட்டுவிட்டார்.

பேனாவை எடுத்தார். "காவலாளி கதவைச் சாத்திக்கொண்டான்" என்று எழுதினார். அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அடிக்கவில்லை. அவனுக்கு இனித் தூக்கம் வருமா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அட்டைகளை மறுபடி கலைத்துப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டார்.